தோற்க அனுமதி இல்லை

என் பெயர் தெரேசியோ. டூரின் நகரத்துப் பெரிய சந்தையில் சீஸ் விற்கிறேன். டென்னிஸுக்கும் எனக்கும் உள்ள உறவு, என் மனைவி ஒர்சோலாவின் தம்பி லீவியோ அதை ஆடுகிறான் என்பதோடு சரி. அப்படிப்பட்ட என் கழுத்தில் போன நவம்பரில் ஒரு வாரம் முழுக்க ஓர் அட்டை தொங்கியது. அதில் ‘செயல்திறன் ஆய்வாளர்’ என்று போட்டிருந்தது. அப்படியென்றால் என்ன வேலை என்று அட்டையைக் கொடுத்த பெண்ணிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. இந்த அட்டை இல்லாவிட்டால் உள்ளே கழிப்பறைக்குக்கூடப் போக முடியாது என்று மட்டும் சொன்னாள். சரி, ஏதோ ஓர் உபயோகம் இருக்கிறதே என்று மாட்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். வருஷம் பூராவும் ஊர் ஊராகப் போய் ஆடுகிற ஆண்களில் முதல் எட்டுப் பேரை மட்டும் பொறுக்கியெடுத்து, வருஷக் கடைசியில் எங்கள் ஊரில் ஒற்றையர் கோப்பை நடத்துகிறது டென்னிஸ் பேரவை. லீவியோ அந்த வருஷம் ஒன்பதாவதாக வந்து நின்றான். ஒன்பதாவது ஆளை ‘போய் வா தம்பி’ என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தொல்லையில்லை. பேரவை அப்படியெல்லாம் விட்டுவிடாது. எட்டுப் பேரில் ஒருவனுக்குக் கையோ காலோ பிசகினால் உடனே உள்ளே இறக்க ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆளுக்கு ‘முதல் மாற்று ஆட்டக்காரர்’ என்று பெயர். சந்தையில் எல்லோரும் ஸ்டெப்னி என்றார்கள்.

மாற்று ஆட்டக்காரருக்குப் பரிவாரமாகக் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது விதி. லீவியோவிடம் இருந்தது ஒரு கோச், ஒரு மசாஜ்காரர். மூன்றாவது தலைக்கு எங்கே போவது? ஒர்சோலா என்னைக் கைகாட்டிவிட்டாள். கடையை யார் பார்ப்பது என்றேன். நீ இல்லாவிட்டால் வியாபாரம் இன்னும் நன்றாக நடக்கும் என்றாள். கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிறது, இந்தப் பேச்சுக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை.

ஆனால் நான் ஒப்புக்கொண்டதற்கு வேறு காரணம் உண்டு. லீவியோவுக்கு முப்பத்து மூன்று வயது. இடுப்பு மூட்டு தேய்ந்து போயிருந்தது. டிசம்பரில் அறுவை சிகிச்சை. அதன் பிறகு நடக்கலாம், படியேறலாம், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம், பந்தின் பின்னால் மட்டும் ஓட முடியாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவன் பிறந்து வளர்ந்த ஊரில், ஆற்றங்கரை மைதானத்தில் பனிக்காலத்திலும் ஆடிப் பழகிய ஊரில், இந்தப் பெரிய அரங்கத்தில் அவன் ஒரு தடவைகூட ஆடியதில்லை. இந்த வாரம் விட்டால் இனி எந்த வாரமும் இல்லை.

“ஜெயிக்கணும்னு எல்லாம் ஆசை இல்ல அத்தான்” என்றான், அரங்கத்துக்கு வண்டியில் போகும்போது. “ஒரே ஒரு மேட்ச். நம்ம ஜனங்க முன்னாடி. தோத்தாலும் சந்தோஷமா தோத்துட்டுப் போயிடுவேன்.”

இந்த ஊரில் இரண்டு கால்பந்து அணிகள் உண்டு. அதில் கருஞ்சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு தோற்கிற அணியின் ரசிகன் நான். சந்தோஷமாகத் தோற்பது என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆடுவே மாப்ளே, கவலைப்படாதே என்று தோளைத் தட்டினேன்.

அரங்கத்து வாசலில் பேரவையின் தலைமைக் கண்காணிப்பாளர் ஏபர்லி காத்திருந்தார். சுவிஸ்காரர், பெர்ன் நகரம். ஒல்லியான, சுத்தமான மனிதர். எங்கள் மொழியைச் சட்டப் புத்தகம் படித்தே கற்றுக்கொண்டிருப்பார் போல. அவர் பேசினால் முற்றுப்புள்ளிகூடக் காதில் விழும்.

“மாற்று ஆட்டக்காரர் எந்த நேரமும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்” என்றார். “ஆனால் ஆயத்தமாக இருப்பது பிறர் கண்ணில் படுதல் கூடாது. அது எட்டுப் பேரின் மனத்தைப் புண்படுத்தும்.”

அதாவது, தின்பதற்காக ஒருவன் வாசலில் நிற்பது உள்ளே சாப்பிடுகிறவனுக்குத் தெரியக் கூடாது. நியாயம்தான் என்று தலையாட்டினோம்.

முதல் வேலை போட்டோ. பழைய அரண்மனைப் படிக்கட்டில் எட்டுப் பேரும் கருநீலக் கோட்டு சூட்டில் வரிசையாக நின்றார்கள். லீவியோவுக்கும் அதே துணியில் சூட்டு தைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன், உள்துணி இல்லை. ஆடப் போவது நிச்சயமானால் உள்துணி வைத்துத் தைத்துத் தருவார்களாம். நவம்பர் மூடுபனியில் பையன் நடுங்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றான். ஏபர்லி வந்து அவனுக்கும் எட்டாவது ஆளுக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்து அளந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். பிற்பாடு வெட்டியெடுக்க வசதியாக இருக்க வேண்டுமாம். போட்டோக்காரர் எல்லோரையும் சிரிக்கச் சொன்னார். லீவியோவும் சிரிக்கலாமா என்று ஏபர்லியைப் பார்த்தான். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, அளவாகச் சிரிக்கலாம் என்றார்.

அடுத்தது நுழைவு ஒத்திகை. இந்தப் போட்டியில் ஆட்டக்காரர்கள் சாதாரணமாக நடந்து உள்ளே வர மாட்டார்கள். விளக்கையெல்லாம் அணைத்து, புகை கிளப்பி, இடி மாதிரி ஒரு சங்கீதம் போட்டு, அதன் நடுவிலிருந்து சாமி புறப்பாடு போல வருவார்கள். காலி அரங்கத்தில் லீவியோவும் அதைப் பழக வேண்டியிருந்தது. ஆனால் புகை பாதிதான் வந்தது. இயந்திரத்தில் கோளாறோ என்று கேட்டேன். மாற்று ஆட்டக்காரருக்குப் பாதிப் புகைதான் அனுமதி என்றார் ஏபர்லி. அரைகுறைப் புகைக்குள்ளிருந்து என் மச்சினன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். நான் ஒருவன் மட்டும் கைதட்டினேன். செயல்திறன் ஆய்வாளர் வேறு என்ன செய்வது?

அன்று மாலை பெரிய விருந்து. இதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. எட்டுப் பேருக்கு எட்டு நாற்காலி, எட்டுத் தட்டு. லீவியோவுக்கு நாற்காலி இருந்தது, தட்டு இல்லை. எட்டுப் பேரில் யாராவது சாப்பிட முடியாமல் எழுந்து போனால், அந்த இடத்திலிருந்து இவன் தொடரலாமாம். நான் பொறுக்க மாட்டாமல் ஏபர்லியிடம் போய், பையன் மத்தியானத்திலிருந்து பட்டினி என்றேன். மாற்று ஆட்டக்காரர்கள் பசியோடு இருந்தால்தான் ஆயத்தம் கெடாமல் இருக்கும், இது ஆராய்ந்து எடுத்த முடிவு என்றார்.

நல்ல வேளையாக, உலகத்தில் இரண்டாம் இடத்திலிருக்கும் டென்மார்க்காரர் தோர்பென் கன்றுக்கறியைப் பாதி தின்றுவிட்டு போன் பேச வெளியே போனார். உடனே ஒரு சிப்பந்தி வந்து லீவியோவை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். பையன் ஆசையாகக் கரண்டியை எடுத்தான். தோர்பென் திரும்பி வந்துவிட்டார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு லீவியோ தன் இடத்துக்குப் போனான். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு மலைச் சீஸ் இருக்கும். மேஜைக்கு அடியில் அதை அவன் கையில் திணித்தேன்.

பிறகு ஏபர்லி பேசினார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் துடைத்து எடுத்து வைப்பது போலப் பேசினார்.

“ஆட்டக்காரர்கள் வருவார்கள், போவார்கள். அவர்களுக்கு மூட்டு தேயும். விதிகளுக்கு மூட்டு இல்லை. தொடக்கத்தில் இந்தப் போட்டிக்கு ஒரு பக்கம்தான் விதி இருந்தது, ஆட்டமோ ஏராளமாக இருந்தது. இன்று விதிகள் வளர்ந்திருக்கின்றன. ஆட்டம் ஒன்றுகூட இல்லாமலேயே இந்தப் போட்டியைக் குறைவின்றி நடத்திக் காட்டும் நிலையைப் பேரவை நெருங்கிவிட்டது என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எட்டு ஆட்டக்காரர்களும் தட்டினார்கள். அவர்களுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

போட்டி தொடங்கியது. எட்டுப் பேரை நாலு நாலாகப் பிரித்து இரண்டு பிரிவு. ஒவ்வொருவரும் தன் பிரிவில் உள்ள மற்ற மூவரோடும் ஆட வேண்டும். அதில் நன்றாக ஆடியவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள். பிரிவுகளுக்குப் பேரவையின் காலம்சென்ற தலைவர்கள் இருவரின் பெயரை வைத்திருந்தார்கள். உயிரோடு இருக்கிற தலைவர்கள் பெயரை வைத்தால் எந்தப் பெயரை முதலில் எழுதுவது என்று சண்டை வருகிறதாம்.

பகலில் ஓர் ஆட்டம், சாயங்காலம் ஓர் ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் லீவியோ சட்டை மாற்றி, காலில் பட்டி சுற்றி, நடைபாதையில் மேலும் கீழும் ஓடி உடம்பைச் சூடாக்க வேண்டும். பிறகு ஏபர்லி வந்து அவன் நெற்றியில் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பார். வியர்வைச் சோதனை. ஈரம் போதாவிட்டால் இன்னொரு சுற்று ஓட வேண்டும். போதுமென்றால் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்க வேண்டும். வெளியே முழுப் புகை, முழு இடி, பன்னிரண்டாயிரம் பேரின் கூச்சல். முதல் பந்து அடிபட்ட சத்தம் கேட்டதும் ஏபர்லி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வார்:

“நீங்கள் இப்போது ஆறலாம்.”

அவன் ஆறுவான். பட்டியை அவிழ்ப்பான். சாயங்காலம் மறுபடி சூடாவான். பழைய குழம்பைக்கூட நாங்கள் வீட்டில் இத்தனை தடவை சூடு பண்ண மாட்டோம். ஆடாமலேயே அவன் இடுப்பு வலி கூடிக்கொண்டே போனது. மசாஜ்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டுப் பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள், ஒருவனுக்குத் தும்மல்கூட வரவில்லை.

அறையில் எங்களோடு இன்னொருவரும் இருந்தார். பத்தாவது இடத்துக்காரர், இரண்டாவது மாற்று ஆட்டக்காரர், எஸ்தோனியாவிலிருந்து வந்த ஆர்வோ. எப்போதும் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருப்பார். அவருக்குப் புகையே கிடையாது. இதற்கு முன்னால் மூன்று வருஷம் இதே மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறாராம். ஒரு தடவையாவது ஆடினீர்களா என்று கேட்டேன். இல்லை, ஆனால் இந்த ஊர்த் தண்ணீரில் தேநீர் நன்றாக வருகிறது என்றார்.

வாரத்தின் நடுவில் ஒர்சோலாவுக்குப் பொறுக்கவில்லை. மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினாள். கூடப் போன எனக்கு அவள் வேண்டிக்கொண்டது கேட்டது.

“யாருக்கும் பெருசா ஒண்ணும் வேண்டாம் தாயே. பிள்ளைங்க நல்லா இருக்கட்டும். சின்னதா ஒரு சுளுக்கு. போதும்.”

மாதாவுக்குத் தாராள மனசு. ஒன்று கேட்டதற்கு இரண்டாகக் கொடுத்துவிட்டாள்.

தோர்பென் இருந்த பிரிவில் அவரும், சிலி நாட்டுக்காரர் ஒருவரும் ஆளுக்கு இரண்டு ஆட்டம் தோற்று, அரையிறுதி வாய்ப்பு இல்லை என்று ஆகிவிட்டது. கடைசியாக அவர்கள் இருவருக்கும் இடையில்தான் ஓர் ஆட்டம் பாக்கி. யார் ஜெயித்தாலும் ஒன்றுமில்லாத ஆட்டம். அன்று காலையில் தோர்பெனுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. நல்லபடியாகப் பிசகியதால் மத்தியான விமானத்தைப் பிடித்துவிட்டார். சிலிக்காரருக்கு வயிறு சரியில்லை. எங்கள் ஊர்க் கறி அடைத்த பாஸ்தாவை மூன்று தட்டு சாப்பிட்டால் யாருக்குமே சரியிருக்காது.

கோச் ஓடி வந்து சொன்னபோது லீவியோ எழுந்து நின்றான். முகத்தில் களை வந்தது. நாலு நாளாக அசையாமல் உட்கார்ந்திருந்த ஆர்வோகூடப் பிளாஸ்க்கை மூடி வைத்தார். தோர்பென் இடத்தில் லீவியோ, சிலிக்காரர் இடத்தில் ஆர்வோ. நான் சந்தைக்குப் போன் போட்டேன். அரை மணியில் மீன்காரன், பூக்காரி, கசாப்புக்கடைக்காரன் எல்லோரும் கடையைச் சாத்திவிட்டு டிக்கெட் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் பேரவை கூடியது. கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார்கள். பிறகு ஏபர்லி வந்து எங்கள் முன்னால் நின்றார். அவர் முகம் வாடியிருந்தது. எங்களுக்காக அல்ல, விதிக்காக.

அவர் சொன்னதன் சாரம் இது: மாற்று ஆட்டக்காரர் என்பவர் ஓர் அசல் ஆட்டக்காரரோடு ஆடத்தான் விதி இருக்கிறது. இரண்டு மாற்றுகள் தங்களுக்குள் ஆடுவதைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. அசல் ஒருவர்கூட இல்லாத ஆட்டம் எப்படி அசல் ஆட்டமாகும்? ஆகவே அப்படி ஓர் ஆட்டம் கிடையாது. ஆனால் ஜனங்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், தொலைக்காட்சியில் நேரம் ஒதுக்கியாகிவிட்டது. மாற்று ஆட்டக்காரர்கள் ஆடுகளத்தில் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள மட்டும் விதியில் இடம் உண்டு. அது எவ்வளவு நேரம் என்று விதியில் இல்லை. எனவே இன்று மாலை நடக்கவிருப்பது ‘நீட்டிக்கப்பட்ட உடற்சூடு’.

“அப்படின்னா?” என்றான் லீவியோ.

“நீங்கள் இருவரும் பந்தை அடிக்கலாம். ஆனால் எண்ணுதல் இராது.”

“ஸ்கோர் இல்லாமயா?”

“உடற்சூட்டுக்கு ஏது ஸ்கோர்?” என்று அவர் கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

லீவியோ பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டினான்.  வேண்டாம் மாப்ளே, இந்தக் கோமாளித்தனத்துக்கு நீ போகாதே, வீட்டுக்குப் போகலாம் என்றேன்.  அவன் லேஸை முடிந்துவிட்டு எழுந்தான்.

“கோர்ட் இருக்கு, ஆள் இருக்கு, ஜனம் இருக்கு. போறேன் அத்தான்.”

புகை இல்லை, இடி இல்லை. இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு, பஸ் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி நடந்து உள்ளே போனார்கள். நாற்காலியில் நடுவர் இருந்தார். நடுவராக அல்ல, உயரமான இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு நபராக இருப்பார் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். பந்து பொறுக்கித் தருகிற பையன்கள் ஆட்டத்துக்கு மட்டும்தான் என்பதால் அவர்களும் இல்லை. கோட்டைப் பார்த்து உள்ளே வெளியே சொல்கிற இயந்திரத்தையும் அணைத்துவிட்டார்கள். ஏன் என்று கோச் கேட்டதற்கு, கோடுகள் தரையில் இருக்கின்றன, ஆனால் இன்று செல்லாது என்றார் ஏபர்லி. சொல்லிவிட்டு முதல் வரிசையில், பக்கக் கோட்டின் நேர் எதிரே போய், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பேரவையின் பிரதிநிதி ஒருவர் எதையும் பார்க்காமல் இருப்பதற்காக அங்கே இருந்தாக வேண்டுமாம்.

ஆர்வோ சர்வீஸ் போட்டார். லீவியோ திருப்பினான். பத்துப் பதினைந்து அடிக்குப் பிறகு லீவியோ மூலையில் ஒன்று வைத்தான், ஆர்வோவால் தொட முடியவில்லை. ஜனம் கைதட்டிவிட்டு ஸ்கோர் பலகையைப் பார்த்தது. சைபர்–சைபர். நடுவர் தண்ணீர் குடித்தார். அடுத்த பந்து ஆர்வோவுக்கு. பலகையில் சைபர்–சைபர். ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது பந்து லீவியோவுக்கு. அரங்கத்தில் சத்தமே இல்லை. பையன் ராக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் மேல் அடுக்கிலிருந்து ஒரு குரல் வந்தது. காலை ஆறு மணிக்குச் சந்தையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சீஸ் விலை சொல்கிற குரல். ஒர்சோலாவின் குரல் எனக்குத் தெரியாதா?

“பதினஞ்சு–முப்பதுடா லீவியோ. நாங்க பார்த்துக்கிட்டுதான் இருக்கோம்.”

ஒரு நிமிஷம் சிரிப்பு. அடுத்த பந்துக்கு மேல் அடுக்கு முழுக்க எண்ணியது. அதற்கடுத்த பந்துக்கு அரங்கம் முழுக்க எண்ணியது. பன்னிரண்டாயிரம் தொண்டை சேர்ந்து நாப்பது–முப்பது என்று சொன்னால் காதுக்குள் என்ன ஆகும் தெரியுமா? பலகை சைபர்–சைபர் என்று நின்றது, அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியில் ஏபர்லியின் குரல் வந்தது. ஆடுதல் ஆட்டக்காரர்களின் உரிமை, பார்த்தல் ரசிகர்களின் உரிமை, எண்ணுதல் பேரவைக்கு மட்டுமே உரியது, தயவுசெய்து யாரும் எண்ண வேண்டாம் என்றார். முதல் எச்சரிக்கை என்று ஜனம் எண்ணியது. மறுபடி சொன்னார். இரண்டாவது எச்சரிக்கை என்று எண்ணியது. அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

அதன் பிறகு நடந்தது டென்னிஸ். எனக்கு அந்த ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது, ஆனால் அன்று நடந்தது டென்னிஸ் என்று எனக்குத் தெரியும். பந்தை அவர்களே ஓடிப்போய் எடுத்தார்கள். கூட்டத்துக்குள் போன பந்து கைமாறிக் கைமாறித் திரும்பி வந்தது. உள்ளே வெளியே என்பதையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள், எதிராளிக்குச் சாதகமாகவே சொன்னார்கள். லீவியோ முதல் செட்டை விட்டான், இரண்டாவதை எடுத்தான். மூன்றாவதில் அவன் இடுப்பு அவனைக் கைவிட ஆரம்பித்தது. ஒவ்வொரு பந்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். மீன்காரன் அழுதுகொண்டே எண்ணினான். சீமாட்டி மாதிரி முத்துமாலை போட்ட ஓர் அம்மாள் நாற்காலி மேல் ஏறி நின்று எண்ணினாள்.

கடைசியில் ஆர்வோ ஒரு கேம் முன்னால் இருந்தார், நாப்பது–முப்பது. இந்த ஒரு பந்து போனால் ஆட்டம் போச்சு. லீவியோ வலது மூலைக்கு ஓடி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி நேர்க்கோட்டில் அடித்தான். பந்து கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. உள்ளே என்று அரங்கம் கத்தியது. எங்கள் ஊர்ப் பையன் அடித்த பந்து, நாங்கள் வேறு எப்படிக் கத்துவோம்? லீவியோ ஆர்வோவைப் பார்த்தான். ஆர்வோ உதட்டைப் பிதுக்கினார், வியர்வை வழிந்த கண்ணில் அவருக்குத் தெரியவில்லை. லீவியோ நொண்டிக்கொண்டே போய்க் கோட்டைப் பார்த்தான். தரையில் அடையாளமே இல்லை. கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கையால் ‘வெளியே’ என்று காட்டிவிட்டு, வலைக்குப் போய் ஆர்வோவின் கையைப் பிடித்தான். அரங்கம் எழுந்து நின்றது. எவ்வளவு நேரம் கைதட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. நடுவர் மட்டும் நாற்காலியிலேயே இருந்தார். ஆட்டம் தொடங்கவே இல்லை என்பதால் முடிந்துவிட்டது என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை.

அறையில் லீவியோ இடுப்பில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு படுத்திருந்தான். சந்தோஷமாக இருப்பான் என்று நினைத்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அது உள்ள விழுந்திருந்தா, அத்தான்?” என்றான். “நானா விட்டுக்கொடுத்துட்டேன்னு ஆகிடும். ஒரு மேட்ச் கிடைச்சுது, அதை முழுசா ஆடாம வந்துட்டேன்னு ஆகிடும்.”

 எனக்கு அந்தப் பந்து உள்ளே விழுந்ததாகத்தான் தெரிந்தது. அதைச் சொல்லித் தொலைக்காமல் இருக்க வாயை மூடிக்கொண்டேன்.

கதவைத் தட்டிவிட்டு ஏபர்லி உள்ளே வந்தார். கையில் வெல்வெட்டில் பொதிந்த இரண்டு கண்ணாடிக் கேடயங்கள். இந்த ஆண்டுக் கோப்பையைத் தோல்வியே காணாமல் நிறைவு செய்தவர் என்று அதில் பொறித்திருந்தது. இப்படி ஒரு பெருமை இந்த வருஷம் அநேகமாக வேறு யாருக்கும் கிடைக்காது, அரையிறுதிக்குப் போனவர்களில்கூட ஒருவர் தவிர எல்லோரும் எங்கேயாவது தோற்றிருக்கிறார்கள் என்று விளக்கினார்.

“நான் ஜெயித்தேனா?” என்று ஆர்வோ கேட்டார்.

“இல்லை.”

“சரி” என்று ஆர்வோ தேநீர் ஊற்றிக்கொண்டார்.

லீவியோ கேடயத்தைத் தொடவில்லை. எனக்கு வேண்டாம் சார், நான் தோற்றவன், தோற்றதாகப் போடுங்கள் என்றான். அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. தோல்விக்காக ஒருவன் கெஞ்சுவதை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

“நீங்கள் தோற்க இயலாது” என்றார் ஏபர்லி, பொறுமையாக. “தோற்பதற்கு முதலில் ஆட வேண்டும். ஆடுவதற்கு அனுமதி வேண்டும். உங்களுக்கு அனுமதி இல்லை. பன்னிரண்டாயிரம் பேர் பார்த்திருக்கலாம். பேரவை பார்க்கவில்லை.”

எனக்கு வந்ததே கோபம். வாரம் முழுக்க அடக்கி வைத்த கோபம். அட்டையைக் கழற்றி மேஜையில் வீசினேன்.

“என்னய்யா பார்க்கல? கண்ணு முன்னாடி நடந்துது. முதல் செட்டு நாலு–ஆறு. ரெண்டாவது நம்ம பையன் ஆறு–ரெண்டு. மூணாவது ஆறு–ஏழு. ஊரே எண்ணிச்சு. நீர் என்ன தூங்கிட்டா இருந்தீர்?”

ஏபர்லியின் கன்னத்தில் ஏதோ துடித்தது. நான் எண்களைச் சொல்லச் சொல்ல, பல் வலிக்காரன் மாதிரி முகத்தைச் சுளித்தார். வாயை இறுக்கி மூடிப் பார்த்தார். முடியவில்லை.

“ஆறு–மூணு” என்றார்.

“என்ன?”

“ரெண்டாவது செட்டு ஆறு–மூணு, ஆறு–ரெண்டு இல்ல. மூணாவது அஞ்சு–ஏழு. ஆறு–ஏழுன்னா டைபிரேக் ஆடியிருக்கணுமே, எங்க ஆடினாங்க? தெரியாம பேசாதீங்க.” மூச்சு வாங்கியது அவருக்கு. சட்டப் புத்தகம் எங்கே போனதோ.

லீவியோ மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். ஐஸ் பை கீழே விழுந்தது.

“கடைசி பந்து சார்?”

“வெளிய” என்றார் ஏபர்லி உடனே. “அரை விரல்கடை. எனக்கு நேரா விழுந்துது. சந்தேகமே இல்ல.”

 ஆர்வோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்போ நான் ஜெயித்தேன்” என்றார்.

ஏபர்லி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பிறகு டையைச் சரிசெய்துகொண்டு, நான் எதுவும் கூறவில்லை என்றார். லீவியோ சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி அவரிடம் போய், அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். ஏபர்லி கையை உருவிக்கொள்ளவில்லை. பையன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதே வேகத்தில் திரும்பி என் போனைப் பிடுங்கி ஒர்சோலாவைக் கூப்பிட்டான்.

“அக்கா, அது வெளியதான்” என்றான். “நிஜமாவே தோத்துட்டேன்க்கா.”